50 லட்சத்துக்கு மேல் 5% கூட்டினால் எவ்வளவு வரும்? என் எக்செல் கணக்கு சரிதானா?

மதுரைக்காரன்78 (கேள்வி)

வணக்கம். போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மச்சான் ஆரம்பித்தான். வருஷத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிறவர்களுக்கு இப்போது இருக்கும் 30 சதவீதத்தை 35 ஆக்கினால் போதும், மத்திய அரசுக்குப் பணப் பிரச்சினையே இருக்காது என்றான். எவ்வளவுடா வரும் என்று கேட்டால் "கொட்டும் மாப்ள" என்கிறான். கொட்டும் என்பது ஒரு தொகையா?

நான் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். கூட்டல் கழித்தல் வரும், பொருளாதாரம் வராது. இருந்தாலும் வீம்புக்கு வருமான வரித் துறை வெளியிடும் ரிட்டர்ன் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தேன். இந்த வருமானத்திலிருந்து இந்த வருமானம் வரை இத்தனை பேர், அவர்கள் மொத்தமாகக் காட்டிய வருமானம் இவ்வளவு என்று அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் இருக்கும் வரிசைகளை எல்லாம் கூட்டி, 5 சதவீதத்தால் பெருக்கினேன். பெரிய தொகை வந்தது. மச்சான் சொன்னது சரிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் இவ்வளவு லேசாக இருந்தால் எந்த நிதியமைச்சரும் விட்டு வைத்திருப்பாரா? கூட வேலை பார்க்கும் ஒருவர் வேறு, இங்கிலாந்தில் இப்படித்தான் கூட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை என்கிறார். என் கணக்கில் எங்கே ஓட்டை என்று யாராவது சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பேரேடு

திட்ட ஒன்றுமில்லை, பத்தில் எட்டுப் பேர் செய்கிற தவறுதான். நான் இருபது வருஷமாக ஆடிட்டர் ஆபீஸில் ரிட்டர்ன் போடுகிறேன், வாடிக்கையாளர்களே இன்னும் "சார், நான் 30 சதவீதத்துக்குள் வந்துட்டேன், மொத்தச் சம்பளத்துக்கும் 30 போயிடுமா" என்று பதறிக்கொண்டு கேட்பார்கள்.

கூட்டிய விகிதம் 50 லட்சத்துக்கு மேல் இருக்கும் துண்டுக்கு மட்டும்தான். 80 லட்சம் வருமானம் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குப்படி அவர் கூடுதலாக 4 லட்சம் கட்டுவார். உண்மையில் மேலே இருக்கும் 30 லட்சத்துக்குத்தான் 5%, அதாவது 1.5 லட்சம். அதன் மேல் 10% சர்சார்ஜ் (வரித் தொகையின் மேல் போடும் வரி), அப்புறம் 4% செஸ் (அதுவும் அப்படி ஒரு மேல்வரிதான்), எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 71 ஆயிரத்து 600. நீங்கள் போட்டதில் பாதிகூட இல்லை.

அட்டவணையை வைத்தே இதைச் சரி செய்யலாம். அந்த வரிசைகளின் மொத்த வருமானத்தைக் கூட்டுங்கள். பேர் எண்ணிக்கையைக் கூட்டி 50 லட்சத்தால் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்துக்குத்தான் 5%. சும்மா ஒரு உதாரணம்: 1 லட்சம் பேர், சராசரி 90 லட்சம் என்றால் மொத்தம் 90,000 கோடி. உங்கள் முறையில் 4,500 கோடி வரும். ஆளுக்கு 50 லட்சம் கழித்தால் மிச்சம் 40,000 கோடி, அதில் 5% வெறும் 2,000 கோடி.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அந்த மொத்த வருமானத்துக்குள் முதலீட்டு ஆதாயமும் கிடக்கும். ஷேர் விற்ற நீண்டகால லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5%, குறுகியகால லாபத்துக்கு 20%. இவை தனி விகிதம், ஸ்லாபை (வருமானப் படிக்கு ஏற்ற விகிதத்தை) 35 ஆக்கினாலும் அசையாது. மேலே போகப் போக, அதாவது 5 கோடி 10 கோடி வரிசைகளில், வருமானத்தில் சம்பளம் சிறுத்து இந்த வகை பெருத்துக்கொண்டே போகும். நீங்கள் அதிகம் எதிர்பார்க்கும் இடத்தில்தான் இந்தக் கழிவும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை பழைய வருஷத்துடையது என்பதையும் மறக்காதீர்கள். ரிட்டர்ன் போட்டு, சரிபார்த்து, வெளியிடுவதற்குள் ஓரிரு வருஷம் ஓடிவிடும். அதை இந்த வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு வர ஒரு வளர்ச்சி விகிதம் போட வேண்டும், போட்டால் வருமானம் மட்டுமல்ல, 50 லட்சத்தைத் தாண்டும் தலைகளும் கூடும்.

மதுரைக்காரன்78

அடடா. கழித்துப் பார்த்தேன், முதலில் வந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. முதலீட்டு ஆதாயத்தை இன்னும் எடுக்கவே இல்லை. மச்சானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். இங்கிலாந்து கதை உண்மையா?

தேம்ஸ்கரை

பாதி உண்மை. நான் இங்கே இங்கிலாந்தில் பேரோல் (சம்பளப் பட்டியல்) வேலையில் இருக்கிறேன், அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கிறது.

2009 ஏப்ரல் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அறிவித்தார்: வருஷம் 1,50,000 பவுண்டுக்கு மேல் இருக்கும் வருமானத்துக்கு 40 சதவீதம் போய் 50 சதவீதம், 2010 ஏப்ரல் 6 முதல். கவனியுங்கள், அறிவித்ததற்கும் அமலுக்கு வந்ததற்கும் நடுவே ஒரு வருஷம். பணக்காரனுக்கு ஒரு வருஷ அவகாசம் கொடுத்தால் என்ன செய்வான்? 2010-இல் வர வேண்டிய போனஸையும் டிவிடெண்டையும் (கம்பெனி லாபத்தில் பங்குதாரருக்கு வரும் பங்கு) முன்கூட்டியே 2009-10 கணக்கில் எடுத்துக்கொண்டான். சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறவனுக்கு இது ஒரு கையெழுத்து வேலை. இப்படி முன்னால் இழுக்கப்பட்ட வருமானம் மட்டும் 1,600 முதல் 1,800 கோடி பவுண்டு என்று வரித் துறையே 2012-இல் கணக்கு போட்டுச் சொன்னது. அதனால் 50 சதவீதம் வந்த முதல் வருஷம் மேல்தட்டு வருமானம் பொத்தென்று விழுந்த மாதிரி தெரிந்தது, அதற்கு முந்தின வருஷம் ஊதிப் பெருத்த மாதிரி தெரிந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து "வரி கூட்டினதும் வருமானம் ஓடிவிட்டது" என்று சொல்கிறவர்கள் பாதிப் படம் பார்த்துவிட்டு எழுந்து வந்தவர்கள்.

இழுத்த பகுதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்பது நிஜம். 2012 மார்ச் பட்ஜெட்டில் அடுத்து வந்த நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், 300 கோடி பவுண்டு வரும் என்று சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது என்றார். 2013 ஏப்ரலில் 45 ஆகக் குறைத்தார்கள். அந்தக் குறைப்புக்குப் போட்ட கணக்குதான் உங்களுக்கு வேண்டியது. யாரும் நடந்துகொள்ளும் விதம் மாறாது என்று வைத்தால் இழப்பு வருஷத்துக்குச் சுமார் 300 கோடி பவுண்டு. மாறும் என்று வைத்தால் 10 கோடி. ஒரே வரி, ஒரே ஆட்கள், விடை முப்பது மடங்கு வித்தியாசம்.

ஆனால் இந்தப் பத்துக் கோடியை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு வருஷத்துத் தரவு, அதுவும் முன்னால் இழுத்ததால் கலங்கிப்போன தரவு. நிதி ஆய்வு நிறுவனத்தார் அப்போதே இந்த மதிப்பீட்டில் நிச்சயமின்மை மிக அதிகம் என்று எச்சரித்தார்கள். இன்னொரு வேடிக்கை, 45 ஆகும் என்று ஒரு வருஷம் முன்பே சொன்னதால் இந்த முறை போனஸைத் தள்ளிப்போட்டார்கள். 2013 ஏப்ரல் மாத பேரோல் ஓட்டினபோது எங்கள் ஆபீஸில் எல்லோரும் பார்த்துச் சிரித்தோம்.

சாக்பீஸ்

கல்லூரியில் பொருளாதாரம் எடுக்கிறேன். தேம்ஸ்கரை சொன்ன முப்பது மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை மதுரைக்காரரின் எக்செலிலேயே காட்டலாம், ஒரே ஒரு எண் கூடுதலாகப் போட வேண்டும். நெகிழ்ச்சி என்போம். பயப்படாதீர்கள்.

நூறு ரூபாய் கூடச் சம்பாதித்தால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். 80 லட்சக்காரருக்கு இப்போது கடைசி ரூபாயின் வரி, சர்சார்ஜ் செஸ் எல்லாம் சேர்த்து 34.32%. மிஞ்சுவது 65.68. விகிதம் 35 ஆனால் வரி 40.04%, மிஞ்சுவது 59.96. மிஞ்சுவது ஏறக்குறைய 8.7% குறைகிறது. நெகிழ்ச்சி 0.25 என்றால் மிஞ்சுவது 10% குறையும்போது ரிட்டர்னில் காட்டும் வருமானம் 2.5% குறையும் என்று அர்த்தம். ஆக இவர் காட்டும் வருமானம் சுமார் 2.2% குறையும், 80 லட்சத்தில் 1.74 லட்சம். அந்த 1.74 லட்சத்துக்கு 40.04% வீதம் அரசு இழப்பது ஏறத்தாழ 70,000. பேரேடு சொன்ன 1,71,600-இல் அதைக் கழித்தால் நிகர வரவு 1 லட்சத்துச் சில்லறை. நூற்றுக்கு நாற்பது ஆவியாகிவிட்டது. நெகிழ்ச்சியை 0.5 என்று மாற்றிப் பாருங்கள், மிஞ்சுவது 32,000 ரூபாய். 0.6 போட்டால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

இதையே 5 கோடி வருமானக்காரருக்குப் போடுங்கள். அவருக்கு சர்சார்ஜ் 25%, கடைசி ரூபாயின் வரி 39 சதவீதத்திலிருந்து 45.5 ஆகும். நடத்தை மாறாவிட்டால் கூடுதல் வரவு 29.25 லட்சம். 0.25 நெகிழ்ச்சியில் இழப்பு சுமார் 6 லட்சம்தான், ஐந்தில் ஒரு பங்கு. ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு பேரும் தங்கள் மொத்த வருமானத்தில் ஒரே மாதிரி சதவீதத்தைத்தான் குறைக்கிறார்கள். ஆனால் புதுவரி விழும் துண்டு 80 லட்சக்காரருக்கு மொத்தத்தில் பாதிகூட இல்லை, 5 கோடிக்காரருக்குப் பத்தில் ஒன்பது பங்கு. 55 லட்சக்காரரைப் போட்டுப் பார்த்தால் இன்னும் கூத்து: வரவு 28,600, இழப்பு 48,000. விகிதத்தைக் கூட்டி அவரிடம் அரசு நஷ்டப்படுகிறது.

அதனால் 50 லட்சத்துக்கு மேல் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்கிறார்களா, வெகுதூரம் மேலே பரவி நிற்கிறார்களா என்பதுதான் விஷயம். உங்கள் அட்டவணையில் அது இருக்கிறது, வரிசை வரிசையாகப் போடுங்கள், ஒரேயடியாகக் கூட்டிவிடாதீர்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் கூட்டும்போது 0.35 என்று வைத்திருந்தார்கள், 2012-இல் மறு கணக்கில் 0.45 என்றார்கள். அவ்வளவுதான் மாற்றம், பில்லியன்கள் காணாமல் போயின.

வாய்க்கால்மேடு

வாத்தியாரே, கடைசியில் பணக்காரனுக்கு வரி போடாதே என்றுதானே இந்த நெகிழ்ச்சி எல்லாம் முடியும்? மாதச் சம்பளக்காரன் டிடிஎஸ்ஸில் (சம்பளத்திலேயே பிடித்துவிடும் வரி) ஒரு பைசா நெளிய முடியாது. அவனுக்கு என்ன நெகிழ்ச்சி?

சாக்பீஸ்

இல்லவே இல்லை, நான் சொல்வது அதற்கு நேர் எதிர். நீங்கள் சொன்ன சம்பளக்காரனுக்கு நெகிழ்ச்சி கிட்டத்தட்ட இல்லை, அவனிடம் போட்டது வரும். மனிதர்கள் சோம்பேறி ஆவதால் வருவது இதில் கொஞ்சம், பெரும்பகுதி வருமானம் வேறு பெட்டிக்கு இடம் மாறுவதால் வருவது. பெட்டிகளை மூடினால் நெகிழ்ச்சி குறையும். அது இயற்கை கொடுத்த எண் இல்லை, சட்டம் எழுதுகிறவர்கள் உருவாக்குகிற எண்.

நம் ஊர்ப் பெரிய பெட்டி எது தெரியுமா? கம்பெனி. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 22% ஆக்கினார்கள், சர்சார்ஜ் செஸ் சேர்த்து 25.17%. தனிநபராக 39% கட்டும் ஒருவர் தன் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கி லாபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டால் 25.17. டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போதுதான் மிச்ச வரி. தனிநபர் விகிதத்தை மட்டும் 45.5 ஆக்கினால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும், தண்ணீர் அங்கேதான் ஓடும். அப்படி ஓடியதில் ஒரு பகுதி கம்பெனி வரியாக வரும், அதையும் எக்செலில் வரவாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் இழப்பைக் கூட்டிச் சொல்கிறோம் என்று ஆகும்.

பேரேடு

வாத்தியார் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் டிவிடெண்ட் வரியைக் கம்பெனியிடமிருந்து எடுத்துப் பங்குதாரர் தலையில் வைத்தார்கள், ஏப்ரல் 1 முதல். அதுவரை கம்பெனி கட்டும் வரி 20.56%. பெரிய புரமோட்டர்களுக்கு (கம்பெனியை நடத்தும் பெரும்பங்குதாரர்கள்) அது 42.74% ஆகப் போகிறது. அந்த மார்ச் மாதத்துக்குள் எத்தனை கம்பெனிகள் அவசர அவசரமாக இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தன என்று பழைய பேப்பரைப் புரட்டினால் தெரியும். பிப்ரவரி 1-க்கும் ஏப்ரல் 1-க்கும் நடுவே இரண்டு மாதம் கிடைத்தால் அவ்வளவு. 2024-இல் முதலீட்டு ஆதாய விகிதத்தை அறிவித்த நாளிலிருந்தே அமல் என்று வைத்தது இந்த வேலைக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் என்பது என் யூகம்.

நல்லூரான்

இந்தியக் கணக்குக்குள் நான் வரவில்லை, ஆனால் வரி வீதத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கட இலங்கையை விட நல்ல பாடம் கிடையாது.

2019 முடிவில் ஆட்சிக்கு வந்தவர்கள் வரியை வெட்டித் தள்ளினார்கள். பெறுமதி சேர் வரி (வாட்) 15 வீதத்திலிருந்து 8, சம்பளத்தில் கட்டாயமாகக் கழிக்கிற வரி 2020 ஜனவரியோடு நின்றது, ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை வருமான வரியே இல்லை. அரசாங்கத்தின் வரி வருமானம் 2019-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேலே இருந்தது, 2020-இல் 8 வீதம் அளவுக்கு விழுந்தது. கொரோனாவும் சேர்ந்ததுதான், ஆனால் அது மட்டுமில்லை. 2022-இல் நாடு என்ன நிலைக்குப் போனது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிறகு 2023 ஜனவரியில் திருப்பினார்கள். மாதம் 1 இலட்சத்துக்கு மேல் வரி. ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் (ஆண்டுக் கணக்கில்) 6, 12, 18, 24, 30, கடைசியில் 36 வீதம். மாதம் 2 இலட்சம் சம்பளம் எடுத்தவருக்கு டிசம்பரில் ஒரு சதமும் இல்லை, ஜனவரியில் 10,500 ரூபாய். மாதம் 3 இலட்சத்துச் சொச்சம் தாண்டினாலே மேல் பகுதிக்கு 36 வீதம். அந்த நேரம் விலைவாசி எப்படி என்றால், 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. ஒன்றே கால் இலட்சம் சம்பளக்காரன் என்பது பழைய கணக்கில் பணக்காரனே இல்லை. வைத்தியர்கள், வங்கி ஊழியர், பல்கலைக்கழக விரிவுரையாளர் எல்லாரும் வீதிக்கு இறங்கினார்கள். என்னோடு படித்தவர்களில் இரண்டு வைத்தியர்கள் அந்த வருடமே வெளிநாடு போனார்கள். வரிக்காக மட்டும் போனார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த சம்பளச் சீட்டு ஒரு தள்ளு.

சாக்பீஸ் சேர், அப்படிப் போகிற ஆளின் வரி 2 வீதம் குறைவதில்லை. நூறு வீதமும் போகிறது, அவர் வாங்கிற சாமானுக்கான பெறுமதி சேர் வரியும் சேர்ந்து. உங்கட 0.25-க்குள் இது அடங்குமா?

இருந்தாலும் வருமானம் வந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை வேறு. வரவேண்டிய இடத்திலிருந்து வந்ததா என்பதுதான் எங்கட கோபம். சம்பளக்காரனிடம் கழித்துக்கொள்ளலாம், தனியார் சிகிச்சைக் கட்டணத்தைக் காசாக வாங்குகிறவரிடம்? 2025 ஏப்ரலில் எல்லையை மாதம் 1,50,000 ஆக்கினார்கள், 2 இலட்சக்காரருக்கு 10,500 போய் 3,000 ஆனது. 36 மட்டும் அப்படியே நிற்கிறது.

சாக்பீஸ்

நல்லூரான் கேட்டது சரியான கேள்வி. 0.25 என்பது சராசரி, நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் அசையாமல் இரண்டு பேர் நாட்டையே விட்டுப் போனாலும் கணக்கில் ஏறக்குறைய அதே எண்தான் வரும். ஆனால் போனவர் திரும்பி வருவதில்லை, அடுத்த முப்பது வருஷ வரியும் போயிற்று. ஒரு வருஷ எக்செலில் அது தெரியாது. நான் அதை ஒப்புக்கொள்கிறேன்.

சர்வீஸ்_முடிந்தது

வருமான வரித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் 35, 45 என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1973-74-இல் இந்தியாவில் உச்ச விகிதம் 97.75%. 2 லட்சத்துக்கு மேல் 85 சதவீதம், அதன் மேல் 15 சதவீதம் சர்சார்ஜ். நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் 2 ரூபாய் 25 காசு. அதுபோக செல்வ வரி (வெல்த் டாக்ஸ்) தனி, இரண்டும் சேர்ந்து வருமானத்தையே தாண்டிப்போகிற ஆட்களும் உண்டு. சாக்பீஸின் சூத்திரத்தில் 2.25 என்று போட்டுப் பாருங்கள், உண்மையைக் காட்டுகிறவனுக்குக் கிடைப்பது எவ்வளவு, மறைக்கிறவனுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று.

நான் சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது, ஆனால் பழைய கோப்புகள் பீரோ நிறைய இருந்தன. ஒரே வீட்டில் அப்பா பெயரில் ஒரு கணக்கு, கூட்டுக் குடும்பம் என்று ஒரு கணக்கு, மருமகள்கள் பெயரில் கூட்டுத் தொழில், ஒவ்வொன்றும் கீழ் ஸ்லாபில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மிச்சம் எல்லாம் விவசாய வருமானம். விவசாய வருமானத்துக்கு மத்திய வரி கிடையாது, இன்றைக்கும் கிடையாது. அந்தக் கோப்புகளை நம்பினால் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு ஒரு மில்லை விட அதிகம் காய்த்தது.

நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ கமிட்டி 1971 இறுதியிலேயே, கறுப்புப் பணத்துக்கு இந்த விகிதமே முக்கியக் காரணம், 75-க்குக் கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தது. 1974-இல் 77 ஆனது. 1985-இல் வி.பி.சிங் 50 ஆக்கினார், 1997-இல் சிதம்பரம் 30. வசூல் ஏறியது. ஆனால் நான் எதையும் ஒரே காரணத்தில் முடிக்க மாட்டேன். 85-இல் விகிதம் குறைத்த கையோடு ரெய்டும் கடுமையாக நடந்தது, அதற்கப்புறம் பொருளாதாரமே வளர்ந்தது, பான் வந்தது, டிடிஎஸ் வலை விரிந்தது. 97 சதவீதத்திலிருந்து இறங்குவதும் 30-லிருந்து 35-க்கு ஏறுவதும் ஒன்றல்ல. அதை வைத்து இதை வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

நம்முடைய ஆபீஸ் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். விகிதம் ஏறினால் முதலில் பெருகுவது வழக்கு. அரசு போடும் டிமாண்ட் (கட்டச் சொல்லும் தொகை) வேறு, கையில் வந்து சேரும் பணம் வேறு. அப்பீல், ட்ரிப்யூனல், ஹைகோர்ட் என்று பத்து வருஷம் ஓடும். உங்கள் எக்செலில் "நிலுவை" என்று ஒரு பத்தி இருக்கிறதா?

வாய்க்கால்மேடு

யாரும் சொல்லாத ஒன்று. இந்தக் கூடுதல் பணம் யாருக்கு? அடிப்படை விகிதத்தை 35 ஆக்கினால் அது மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிடும் பகிர்வுத் தொகுப்புக்குள் போகும், 15வது நிதிக் குழு (2021-26) கணக்கில் 41% மாநிலங்களுக்கு, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079%. நூறு ரூபாய் கூடுதலாக வந்தால் நமக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அதே 5 சதவீதத்தை சர்சார்ஜாகப் போட்டால் மாநிலங்களுக்கு ஒரு பைசாவும் கிடையாது, முழுக்க டெல்லிக்கு. 2019-இல் 5 கோடிக்கு மேல் 37% சர்சார்ஜ் என்று ஏற்றினார்களே, விகிதத்தை ஏன் ஏற்றவில்லை என்று இப்போது புரிகிறதா? 2023-இல் புதிய வரி முறையில் அதை 25 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

மதுரைக்காரன்78

எல்லாருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரிசை வரிசையாகப் போட்டேன். ஆளுக்கு 50 லட்சம் கழித்து, முதலீட்டு ஆதாயத்துக்குப் பேரேடு அண்ணன் சொன்ன மாதிரி மேலே போகப் போக அதிகம் கழித்து, நெகிழ்ச்சிக்கு 0.1, 0.25, 0.5 என்று மூன்று பத்தி. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வருகின்றன. 50 முதல் 60 லட்சம் வரிசை இரண்டாவது, மூன்றாவது பத்திகளில் மைனஸில் நிற்கிறது, முதலில் சூத்திரத்தைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று நான்கு தடவை பார்த்தேன்.

மச்சானுக்கு அனுப்பினேன். படித்தானா தெரியவில்லை. பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி: "அப்ப 2025 பட்ஜெட்ல 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னப்ப 1 லட்சம் கோடி போகும்னாங்களே, அந்த வருஷமும் வசூல் கூடும்னுதானே போட்டாங்க, அது எப்படி?" இதற்கு என்ன சொல்ல?

சாக்பீஸ்

உங்கள் மச்சான் விவரமானவர், கொட்டும் என்று சொன்னாலும். அந்த 1 லட்சம் கோடி என்பது, பழைய ஸ்லாபே தொடர்ந்திருந்தால் வந்திருக்கக்கூடிய தொகைக்கும் புது ஸ்லாபில் வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம். போன வருஷத்தோடு ஒப்பிட்டது இல்லை. 2024-25-க்குத் திருத்திய மதிப்பீட்டில் தனிநபர் வருமான வரி 12.57 லட்சம் கோடி, 2025-26 பட்ஜெட்டில் 14.38 லட்சம் கோடி. வரியைக் குறைத்த பட்ஜெட்டிலேயே 14% ஏற்றம் போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் சம்பளமும் ஆட்களும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று கணக்கு. குறைக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும். அந்த "இருந்திருந்தால்" வருஷத்தை யாரும் பார்க்க முடியாது, அதனால்தான் வரியைக் குறைத்தவனும் வசூல் கூடிற்று என்கிறான், கூட்டினவனும் வசூல் கூடிற்று என்கிறான்.

எக்செலை இங்கே ஏற்றுங்கள், அந்த மைனஸ் வரிசையைப் பார்க்கிறேன். சர்சார்ஜ் தொடங்கும் இடத்தில் மார்ஜினல் ரிலீஃப் (எல்லையைக் கொஞ்சம் தாண்டியவருக்குக் கிடைக்கும் வரிச் சலுகை) உண்டு, அதை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மதுரைக்காரன்78

விட்டுவிட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து ஏற்றுகிறேன்.